வேலைக்கு ஒரு மடக்குக் கத்தி: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் புதிதாக வேலைக்குச் சேர்வோருக்கு

களஞ்சியம், அரிசி ஆலை, ஹார்ட்வெயார் கடை, வயரிங், ஹோட்டல் பராமரிப்பு, மீன்வாடி என்று எந்த வேலைக்குப் போனாலும் ஒரு நாளில் பல தடவை எதையாவது அறுக்க வேண்டி வரும். சாக்கின் தையல், பெட்டியின் ரேப், நைலோன் கயிறு, வயரின் மேலுறை என்று அது நீளும். கத்தி இல்லாதவர் பல்லால் கடிப்பார், சாவியால் கிழிப்பார், இல்லாவிட்டால் பக்கத்தில் கிடக்கிற பெரிய கத்தியை எடுப்பார். அப்போதுதான் சாமானும் பழுதாகிறது, கையும் வெட்டுப்படுகிறது. பொக்கெட்டில் அடங்கும் மடக்குக் கத்தி ஒன்று இருந்தால் இந்த வேலைகள் எல்லாம் அரை நிமிடத்தில் முடியும். ஆனால் அதைச் சரியாகத் தெரிவு செய்யவும், பிடிக்கவும், தீட்டவும் தெரிந்திருக்க வேண்டும்.

வாங்குவதற்கு முன்னர்

முதல் வேலை கேட்பது. சேர்ந்த அன்றே முதலாளியிடமோ சுப்பர்வைசரிடமோ, "சாக்குப் பிரிக்க, ரேப் அறுக்க ஒரு சின்னக் கத்தி வைத்திருக்கலாமா?" என்று நேரடியாகக் கேளுங்கள். உணவு பொதி செய்கிற இடங்களில் சொந்தக் கத்தியை உள்ளே கொண்டுபோகவே விடமாட்டார்கள். அங்கே இலக்கமிட்ட கத்தியைக் காலையில் கையொப்பமிட்டு எடுத்து, மாலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதில் காரணம் உண்டு. நுனி ஒன்று உடைந்தால் அந்தத் துண்டு எங்கே போனது என்று தெரிந்தாக வேண்டும். பாடசாலை, வங்கி, நீதிமன்றம், வைத்தியசாலை போன்ற இடங்களுக்குப் பழுதுபார்க்கப் போகிறவர்கள் கத்தியைக் கருவிப் பெட்டிக்குள்ளேயே வைத்து, வாசலில் காவலாளியிடம் முதலே சொல்லிவிடுவது நல்லது. நம் மாவட்டங்களில் பைகளைத் திறந்து காட்டிப் பழகிய தலைமுறை இது. கத்தி பெட்டியில், குறட்டுக்கும் டெஸ்டருக்கும் பக்கத்தில் இருந்தால் அது வேலைச் சாமான் என்று பார்த்த உடனே விளங்கும். அதே கத்தி இடுப்பில் செருகியிருந்தால் நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டி வரும்.

எந்தக் கத்தி

அலகு 6 முதல் 8 சென்ரிமீற்றர் வரை இருந்தால் போதும். அதைவிட நீளமானது பொக்கெட்டில் உறுத்தும், பார்க்கிறவர்களைப் பயமுறுத்தும், வேலைக்கும் கூடுதலாக எதுவும் செய்யாது. பொத்தானை அழுத்தினால் அலகு பாய்ந்து திறக்கும் வகையைக் கையால் தொடவே வேண்டாம். வேலைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை, வீண் சந்தேகம்தான் மிஞ்சும்.

பூட்டைப் பொறுத்துக் கத்திகளை மூன்று வகையாகப் பார்க்கலாம். முதலாவது பூட்டு இல்லாத வில்லுக்கத்தி. பிடிக்குள் இருக்கும் ஒரு வில் அலகைத் திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் அழுத்திப் பிடிக்கும். சுவிஸ் நிறுவனமான விக்டோரினொக்ஸின், மூடிய நிலையில் 91 மில்லிமீற்றர் நீளமான சிவப்புக் கத்திகள் இந்த வகை. இதால் அறுக்கலாம், சீவலாம். ஆனால் குத்தித் துளைக்கக் கூடாது. நுனியில் தள்ளுவிசை வந்தால் வில் விட்டுக்கொடுத்து அலகு விரல்மேல் மடியும். இரண்டாவது, பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு பக்கவாட்டில் வளைந்து அலகின் அடியைத் தாங்கும் பூட்டு. ஒரு கையால் திறந்து மூடலாம் என்பதால் களஞ்சிய வேலைக்கு வசதியானது. மூன்றாவது, முதுகுப் பக்கத்தில் அழுத்தினால் விடுபடும் பூட்டு. உறுதியானதுதான், ஆனால் மூடுவதற்குப் பெரும்பாலும் இரண்டு கை வேண்டும். பிரான்சின் ஒப்பினெல் கத்தியின் வளையப் பூட்டு தனி வகை. 1955 இல் வந்த அந்த வளையத்தைத் திருப்பினால் அலகு அசையாது. ஆனால் அதன் பிடி மரம். மார்கழி மழையில் மரம் ஊறிப் பருத்து அலகை இறுக்கிவிடும், நகத்தால் இழுத்தாலும் வராது. அந்தக் கத்திதான் பிடிக்கும் என்றால் மாரி தொடங்கும் முன்னரே மூட்டில் எண்ணெய் ஊறவிட்டு வையுங்கள்.

உருக்கைப் பற்றி ஒரே ஒரு முடிவு எடுத்தால் போதும்: கடற்கரைப் பக்கமான எழுவான்கரையில் வேலை என்றால் கறை பிடிக்காத உருக்கைத் தவிர வேறு எதையும் வாங்க வேண்டாம். கல்லடி, காத்தான்குடி, கல்முனை, ஒலுவில் பக்கம் கடற்காற்றில் வருகிற உப்பு, கார்பன் உருக்கை ஓர் இரவில் துருவேற்றிச் சிவக்க வைத்துவிடும். வாவிக்கு மேற்கே படுவான்கரையிலோ அம்பாறைப் பக்கமோ வயலில் நிற்பவர் கார்பன் உருக்குக் கத்தியை ஒழுங்காகத் துடைத்து வைத்தால் பல வருடம் பாவிக்கலாம். அது நன்றாகக் கூர் ஏறும், தீட்டவும் இலகு. விக்டோரினொக்ஸ் அலகின் கடினம் ரொக்வெல் அளவில் 56 ஆகும். அது மிதமான கடினம். கூர் கொஞ்சம் கெதியாகப் போகும், ஆனால் சாதாரண கல்லில் பத்து நிமிடத்தில் திரும்பி வரும். புதியவருக்கு இதுதான் ஏற்றது. அதிகக் கடினமான உருக்கு வாங்கினால் தீட்டத் தெரியாமல் மொட்டைக் கத்தியோடு அலைய வேண்டியிருக்கும்.

பெட்டி பிரிப்பதுதான் நாள் முழுக்க வேலை என்றால் மடக்குக் கத்தியை விடுங்கள். நுனியை முறித்து முறித்துப் பாவிக்கிற, 18 மில்லிமீற்றர் அகல அலகுள்ள கட்டர் வாங்குங்கள். 1956 இல் ஜப்பானில் கட்டர் நிறுவனமான ஓல்ஃபாவை உருவாக்கியவர் கண்டுபிடித்த அந்த முறை இன்றைக்கும் காட்போட் வெட்டுவதற்கு நிகரற்றது. காட்போட்டில் இருக்கிற மணல் துகள் எந்த நல்ல அலகையும் மொட்டையாக்கும். முறித்து எறியக்கூடிய அலகை அதற்குக் கொடுப்பதுதான் புத்தி.

கடையில் வைத்துப் பார்க்க வேண்டியவை

கத்தியை மூடிப் பிடித்து மேலிருந்து பாருங்கள். அலகு இரண்டு தகட்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் உரசினால் அந்தப் பக்கக் கூர் போய்க்கொண்டே இருக்கும். பிறகு திறந்து அலகின் முதுகைப் பிடித்து இடம் வலமாக ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் அச்சாணி இளக்கம். அச்சாணியில் திருகாணி இருந்தால் இறுக்கலாம், தட்டித் தறைந்த (ரிவெற் அடித்த) அச்சாணி என்றால் அந்தக் கத்தியை வைத்துவிட்டு வேறொன்றை எடுங்கள். பூட்டு உள்ள கத்தி என்றால் விரல்களை அலகின் பாதையிலிருந்து முழுதாக விலக்கி, உள்ளங்கையால் பிடித்துக்கொண்டு, அலகின் முதுகை மேசை விளிம்பில் மெதுவாக அழுத்துங்கள். பூட்டு வழுக்கினால் வாங்க வேண்டாம். வெளிச்சத்துக்கு எதிரே கத்தியின் வாயை, அதாவது கூர் விளிம்பை, பிடித்துப் பார்த்தால் மொட்டை இடங்கள் வெள்ளைக் கோடாக மின்னும். நல்ல கூரில் ஒளி பட்டுத் தெறிக்க இடமே இராது.

எங்கே, எப்படி வைத்திருப்பது

எப்போதும் ஒரே பொக்கெட். வலக்கைக்காரர் வலது முன் பொக்கெட்டில் வைத்தால் கை தானாகப் போகும். போனோடு சேர்த்து வைக்க வேண்டாம். சாரம் உடுத்து வேலை செய்பவர்கள் பெல்ட்டில் சின்ன உறை கொழுவிக்கொள்ளலாம், மடியில் செருகிய கத்தி குனியும்போது விழும்.

தோணியிலோ சாரக்கட்டிலோ நிற்பவர் கத்தியின் வளையத்தில் 60 சென்ரிமீற்றர் அளவில் ஒரு நூல் கட்டி இடுப்பில் முடிந்துகொள்ள வேண்டும். வாவியில் விழுந்தால் கத்தி போய்விடும், சாரக்கட்டிலிருந்து விழுந்தால் கீழே நிற்பவரின் தலையில் விழும். ஆனால் அரிசி ஆலையில் இதே நூல் ஆபத்து. பெல்ட்டும் கப்பியும் சுற்றுகிற இடத்தில் உடம்பில் எந்த நூலும் தொங்கக் கூடாது. நூல் மாட்டினால் ஆளையும் சேர்த்து இழுக்கும். ஆலைக்குள் போகும் முன் கழற்றிவிடுங்கள்.

பஸ்ஸில் போகும்போது பையின் அடியில். கோயில் திருவிழா, கந்தூரி, அரசியல் கூட்டம், மாட்ச் என்று சனம் கூடுகிற இடத்துக்கு வேலை முடிந்து நேரே போவதாக இருந்தால் கத்தியை வேலைத்தளத்திலேயே விட்டுப் போங்கள். விமானத்தில் போவதாயின் கட்டுநாயக்காவில் கொடுத்து அனுப்புகிற பெரிய பையில் போட வேண்டும். கைப்பையில் இருந்தால் பறித்துவிடுவார்கள்.

திறப்பது, மூடுவது, கைமாற்றுவது

கத்தி வெட்டு அதிகம் நடப்பது அறுக்கும்போது என்று நினைப்பார்கள். மூடும்போதும் நடக்கிறது. தகட்டுப் பூட்டை மூடும் முறை இது. பெருவிரலால் தகட்டைத் தள்ளுங்கள். மறுகையால் முதுகைப் பிடித்து அலகைக் கால்வாசி மட்டும் மடியுங்கள். அங்கே நிறுத்திப் பெருவிரலை எடுத்துவிடுங்கள். பிறகு மீதியை மடியுங்கள். அந்த நிறுத்தம் இல்லாமல் ஒரே வேகத்தில் மூடுபவரின் பெருவிரல்தான் வெட்டுப்படும். வில்லுக்கத்தியில் பிடியைச் சுற்றிய விரல்களைத் திறந்து, உள்ளங்கையின் தசையால் முதுகை அழுத்தி மூடுங்கள்.

மற்றவர் கத்தி கேட்டால் மூடிக் கொடுங்கள். மூட முடியாத கத்தி என்றால் மேசையில் வைத்துவிடுங்கள், அவர் எடுத்துக்கொள்ளட்டும். பெரியவர்கள் கத்தியைக் கையோடு கை கொடுத்தால் சண்டை வரும் என்று சொல்லி வைத்துத்தான் எடுப்பார்கள். பாதுகாப்புக்கும் அதுவே சரியான முறை. அலுவலகத்தில் ஆட்கள் பக்கத்தில் இருக்கும்போது, "கொஞ்சம் கத்தி திறக்கிறேன்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு, உடம்புக்கு முன்னால் கீழ்நோக்கித் திறந்து, வேலை முடிந்த உடனே மூடிவிடுங்கள். திறந்த கத்தியோடு ஓர் அடிகூட நடக்க வேண்டாம். அதை ஆட்டிக்கொண்டு கதைப்பவரைப் பார்த்தால் கண்டிப்பாகச் சொல்லித் திருத்துங்கள்.

அறுக்கும்போது

இரண்டு விதிதான். அலகு போகிற திசையில் உங்கள் உடம்போ மற்றக் கையோ இருக்கக் கூடாது. அலகு சட்டென்று விடுபட்டால் எங்கே போய் நிற்கும் என்று முதலே பார்த்துக்கொள்ள வேண்டும். தொடையில் வைத்து அறுப்பவர்கள் இந்த இரண்டையும் மீறுகிறார்கள். தொடையின் உள்பக்கம் பெரிய நாடி ஓடுகிறது, அங்கே பட்டால் நிமிடக் கணக்கில் உயிர் போகும்.

சாக்கைப் பிரிக்கக் கத்தி அதிகம் தேவையில்லை. வெள்ளாமை வெட்டி நெல் வருகிற காலத்தில் புதியவர்கள் தையலுக்குக் கீழே சாக்கையே கிழித்துவிடுவார்கள். பிறகு அந்தச் சாக்கு மறுபடி உதவாது. உர மூடை, தவிட்டு மூடை, நெல் மூடை எல்லாவற்றிலும் மெஷின் போடுவது சங்கிலித் தையல். அதன் ஒரு முனையில் இழுத்தால் இறுகும், மறுமுனையில் இழுத்தால் மளமளவென்று முழுதும் அவிழும். முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை சாக்கின் ஓரத்தோடு ஒட்ட அறுங்கள். கத்தியை மூடுங்கள். நூலைப் பிரித்து இழுங்கள். இறுகினால் மறுமுனைக்குப் போங்கள். இரண்டு தடவை செய்தால் எந்த முனை அவிழும் என்று கண்ணுக்கே தெரிந்துவிடும்.

பெட்டியில் அலகு ரேப்பின் தடிப்புக்கு மேல் இறங்கக் கூடாது. நுனியை அரைச் சென்ரிமீற்றர் மட்டும் வெளியே விட்டு, சுட்டுவிரலை முதுகில் வைத்துப் படுக்கையாக இழுங்கள். நிமிர்த்திப் பிடித்தால் உள்ளே இருக்கிற சேர்ட்டோ பால்மாப் பக்கெட்டோ கிழியும்.

வயர் வேலை செய்பவர்கள் முதலில் மெயின் சுவிட்சை நிறுத்தி டெஸ்டரால் பார்க்க வேண்டும். மடக்குக் கத்தியின் பிடி 230 வோல்ட்டைத் தடுப்பதற்குச் செய்யப்பட்டதல்ல. மேலுறையைச் சுற்றி வட்டமாக அறுக்கக் கூடாது. செம்பில் ஒரு கீறல் விழும், வளைக்கும்போது அந்த இடத்திலேயே முறியும், முறியாவிட்டால் சூடேறும். பென்சில் சீவுவது மாதிரி அலகைச் சாய்த்துச் சீவி எடுங்கள்.

நைலோன் கயிற்றை அறுக்கும் முன் அந்த இடத்தில் ரேப் சுற்றி, ரேப்பின் நடுவில் அறுத்து, பிறகு லைட்டரால் முனையை உருக்குங்கள். கத்தியை லைட்டரில் சூடாக்கி அறுப்பவர்கள் இருக்கிறார்கள். அலகில் நீலம் பாய்ந்தால் அந்த இடத்து உருக்கு இளகிவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகு அங்கே கூர் நிற்காது.

திருகாணி கழற்ற, பெயின்ற் வாளி மூடி நெம்ப, அடைப்பைக் குத்த அலகைப் பாவிக்க வேண்டாம். நுனி உடைவது இப்படித்தான், உடையும்போது தெறிப்பது கண்ணுக்கு. நெம்புகிற வேலை அடிக்கடி வருமானால் அதற்கென்று தட்டை முனை உள்ள கத்தியையோ குறடு சேர்ந்த மல்ரிரூலையோ வாங்குங்கள்.

தீட்டுவது

மொட்டைக் கத்தி கூரான கத்தியைவிட ஆபத்து. அழுத்தி அறுக்க வேண்டியிருக்கும், அழுத்தும்போது வழுக்கும், வழுக்குவது கையை நோக்கித்தான். ஆகவே இந்தப் பகுதியை அவசரமில்லாமல் செய்து பழகுங்கள்.

வேண்டியவை: ஒரு பக்கம் கரடாகவும் மறுபக்கம் நைசாகவும் உள்ள கல், ஈரத் துணி, மாக்கர் பேனை, பழைய தோல் பெல்ட். கல்லின் கரட்டுத்தன்மையைச் சொல்லும் இலக்கம் (கிரிட்) கரட்டுப் பக்கத்தில் 400 உம் நைஸ் பக்கத்தில் 1000 உம் இருந்தால் போதும். தண்ணீர் குடிக்கிற கல் என்றால் குமிழி வருவது நிற்கும்வரை, ஏறத்தாழ பத்து நிமிடம், ஊற வையுங்கள். கல்லின் அடியில் ஈரத் துணியை விரித்தால் அது நகராது.

வாயின் இரண்டு பக்கத்திலும் மாக்கரால் கோடு போடுங்கள். அலகைக் கல்லில் படுக்க வைத்து முதுகை உயர்த்துங்கள். ஒரு பக்கத்துக்கு 20 பாகை வேண்டும். அலகின் அகலம் 15 மில்லிமீற்றர் என்றால் முதுகு 5 மில்லிமீற்றர் உயர வேண்டும், அகலம் 20 என்றால் 7. அந்த உயரத்தில் இரண்டு மூன்று தடவை தேய்த்துப் பாருங்கள். மை வாயின் சரிவு முழுதும், விளிம்புவரை அழிந்தால் கோணம் சரி. மேலே முதுகுப் பக்கம் மட்டும் அழிந்தால் இன்னும் உயர்த்துங்கள். விளிம்பில் மட்டும் மெல்லிய கோடாக அழிந்தால் உயரம் கூடிவிட்டது.

பிறகு கரட்டுப் பக்கத்தில் ஒரே பக்கமாகத் தேயுங்கள். அடியிலிருந்து நுனிவரை அலகு முழுதும் கல்லில் பட வேண்டும். நுனி வளைகிற இடத்தில் பிடியைச் சற்று உயர்த்தாவிட்டால் அங்கே கூர் வராது. எவ்வளவு நேரம் என்று எண்ணிக்கை கிடையாது, மறுபக்கத்தில் உருக்கின் மெல்லிய பிசிறு எழும்பும்வரை. முதுகிலிருந்து வாயை நோக்கி, குறுக்காக, பெருவிரலை மெதுவாக இழுத்துப் பார்த்தால் விளிம்பில் ஒரு சுரசுரப்புத் தட்டும். வாயின் நீளத்துக்கு விரலை ஓட்டவே கூடாது. அந்தச் சுரசுரப்பு நுனிவரை தொடர்ந்து இருக்க வேண்டும். புதியவர்களில் பலர் இதற்கு முன்னரே பக்கம் மாற்றிவிடுவார்கள். அதனால்தான் ஒரு மணித்தியாலம் தேய்த்தும் கூர் வருவதில்லை.

பிசிறு முழுதும் வந்த பிறகு மறுபக்கத்தையும் அப்படியே செய்யுங்கள். பின்னர் நைஸ் பக்கத்தில் பக்கத்துக்குப் பத்து, பிறகு ஐந்து, பிறகு ஒன்றுக்கு ஒன்று மாற்றி. ஒவ்வொரு கட்டத்திலும் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள், கடைசியில் கத்தியின் சொந்தப் பாரம் மட்டும் போதும். இறுதியாகத் தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில், முதுகு முன்னே போக வாய் பின்னே வர, பக்கத்துக்குப் பத்துப் பதினைந்து தடவை இழுங்கள். வாயை முன்னே தள்ளினால் பெல்ட் வெட்டுப்படும். பத்திரிகைத் தாளை ஓரத்தில் பிடித்து அறுத்துப் பாருங்கள். எங்கே கொளுவி நிற்கிறதோ அங்கே பிசிறு மிச்சம் இருக்கிறது.

மின்சாரச் சாணையில் கொடுத்துத் தீட்ட வேண்டாம். மெல்லிய அலகு நொடியில் சூடேறி மேலே சொன்ன நீலம் பாயும், அகலமும் தேய்ந்து போகும்.

உப்பும் துருவும்

கறை பிடிக்காத உருக்கும் உப்புத் தண்ணீர் காய்ந்து கிடந்தால் ஊசிக் குத்துப்போலத் துருப்பிடிக்கும், முக்கியமாக அச்சாணிக்குள். மீன், கருவாடு, உப்பு, மாங்காய், தேசிக்காய் வெட்டினால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கரையோரக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் உவர், அதில் கழுவினால் கடைசியாகக் குழாய்த் தண்ணீரில் ஒரு தடவை அலசுங்கள். துடைத்து, திறந்தபடி காயவிட்டு, மூட்டில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பசையாகி, கச்சான் காற்றில் பறக்கிற புழுதியைப் பிடித்துக் கத்தியைத் திறக்க முடியாமல் செய்துவிடும். ஏற்கனவே இறுகிவிட்டது என்றால் வெந்நீரும் சவர்க்காரமும் போட்டுப் பழைய பல் துலக்கியால் தேய்த்தால் விடும். செந்துரு தெரிந்தால் மண்ணெண்ணெய் தொட்ட நைஸ் இரும்பு நாரால் தேய்த்து எடுங்கள். கார்பன் அலகில் வருகிற சாம்பல் நிறக் கறையை விட்டுவிடுங்கள், அது துருவை ஓரளவு தடுக்கும்.

வெட்டுப்பட்டால்

சுத்தமான துணியால் காயத்தை அழுத்திக் கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்திப் பிடியுங்கள். பத்து நிமிடம் துணியை எடுத்துப் பார்க்காமல் அழுத்த வேண்டும், இடையில் எடுத்துப் பார்த்தால் உறைந்த இரத்தம் மறுபடி கிளம்பும். கோப்பித்தூள், சீனி, மண்ணெண்ணெய் எதையும் போடாதீர்கள். வைத்தியசாலையில் அதைத் தோண்டிக் கழுவத்தான் நேரம் போகும். நிற்காத இரத்தம், பிளந்து நிற்கும் வாய், மரத்துப்போன விரல் நுனி, மடக்கவோ நிமிர்த்தவோ முடியாத விரல், இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே போக வேண்டும். நரம்போ தசைநாரோ அறுந்திருந்தால் அதைத் தைக்கத் தாமதிக்கக் கூடாது. பெரிய காயம் என்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். சின்னக் காயமாக இருந்தாலும் மண், மீன், சாணி பட்ட கத்தி என்றால் ஏற்பூசி (டெட்டனஸ் தடுப்பூசி) கடைசியாக எப்போது போட்டது என்று சொல்லி அன்றைக்கே கேட்டுக்கொள்ளுங்கள்.

முறித்த கட்டர் அலகுகளையும் உடைந்த நுனிகளையும் பொலித்தீன் பைக்குள் போட்டுக் குப்பையில் எறியக் கூடாது. குப்பை அள்ளுகிறவர் வெறுங்கையால்தான் அந்தப் பையை அமுக்கித் தூக்குவார். மூடியுள்ள பால்மாத் தகரம் ஒன்றை வேலைத்தளத்தில் வைத்து, மூடியில் ஒரு கீறல் போட்டு, அதற்குள் சேருங்கள். நிறைந்த பிறகு மூடியையும் கீறலையும் ரேப்பால் சுற்றி ஒட்டி, "அலகு" என்று பெரிதாக எழுதி, பழைய இரும்பு வாங்குபவரிடம் சொல்லிக் கொடுங்கள்.